சர்க்கரை கட்டிய மாளிகைகள் - 9: பார்க்காத தோட்டத்தின் துரை

1859இல் விக்டோரியா மகாராணி வடக்கு வேல்ஸுக்கு வந்தபோது பாங்கர் நகரை ஒட்டிய பென்ரின் கோட்டையில் தங்கினார். அங்கே ஒரு கட்டில் இருக்கிறது. கால், சட்டம், தலைமாடு எல்லாமே சிலேட்டுக் கல். எடை ஒரு டன். மகாராணி அதில் படுக்க மறுத்துவிட்டாராம். கல்லறையில் படுப்பதுபோல இருக்கிறது என்றாராம். கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். கேட்பவர்கள் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போகிறார்கள்.

நாம் கட்டிலருகே இன்னும் கொஞ்சம் நிற்கலாம். அது தூங்குவதற்காகச் செய்த கட்டில் அல்ல, வீட்டுக்காரர் தன் சரக்கை விருந்தாளிக்குக் காட்டச் செய்தது. ஐந்தாறு மைல் தள்ளி பெதெஸ்தா ஊரில் இருக்கும் பென்ரின் சிலேட்டுக் குவாரி அவருடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகிலேயே பெரிய சிலேட்டுக் குவாரி என்று பெயர் எடுத்தது. இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் பலவற்றின் கூரைகளில் அந்தக் கல் ஏறியது. நம் ஊரில் பிள்ளைகள் மடியில் வைத்து எழுதிப் பழகிய சிலேட்டின் இனம்தான்.

இந்தக் குடும்பம் காட்ட விரும்பிய சரக்கு சிலேட்டு. மறைக்க விரும்பிய சரக்கு ஒன்றும் இருந்தது.

முதலில் கோட்டையின் தோற்றம். தடித்த சுவர், அரைவட்ட வளைவுகள், சதுரமாக எழும் பெரிய கோபுரம். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர்கள் கட்டியதைப் போல இருக்கும். அந்தக் கோபுரத்துக்கு மாதிரியே எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் ஹெடிங்கம் கோட்டைதான். ஹெடிங்கம் உண்மையிலேயே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பென்ரின் எழுந்ததோ 1820களின் தொடக்கத்திலிருந்து 1837 வரை. நீராவி ரயில் ஓடத் தொடங்கிய காலம் அது! கட்டியவர் தாமஸ் ஹாப்பர் என்ற கட்டடக் கலைஞர். அந்த இடத்தில் ஏற்கெனவே வேல்ஸ் பிரபுக்களின் உண்மையான இடைக்காலக் குடியிருப்பு ஒன்று இருந்தது. புதிய கோட்டை அதைத் தனக்குள் விழுங்கிக்கொண்டது. அசல் பழமை உள்ளே போய்விட, போலிப் பழமை வெளியே நிற்கிறது.

பணக்காரரின் பைத்தியக்காரத்தனம் என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுநூறு ஆண்டுப் பழைய வீட்டில் இருப்பவனை 'உன் தாத்தா எப்படிச் சம்பாதித்தார்?' என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் இவ்வளவு கல் செலவாகியிருக்கிறது. கேட்டிருந்தால் பதில் ஜமைக்காவுக்குப் போயிருக்கும்.

1655இல் கிராம்வெல் அனுப்பிய ஆங்கிலப் படை ஹிஸ்பானியோலா தீவைப் பிடிக்கப் போய் அடிவாங்கித் திரும்பும் வழியில், வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைப் பறித்துக்கொண்டது. ஆங்கிலேயர் கைக்குத் தீவு வந்த அந்த ஆரம்பக் காலத்திலேயே அங்கே குடியேறி நிலம் பிடித்தவர்களில் கிஃபர்ட் பென்னன்ட் ஒருவர். படைவீரராகப் போனவர். தீவின் தென்பகுதியில் கிளாரெண்டன் வட்டாரத்தில் துண்டு துண்டாக நிலத்தைச் சேர்த்தார். அவருடைய மகன் எட்வர்ட் பென்னன்ட் ஜமைக்காவின் தலைமை நீதிபதியாகவே ஆகிவிட்டார். தோட்ட முதலாளியே நீதிபதி! அடிமைக்கு அந்த நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் உரிமைகூடக் கிடையாது. தலைமுறை மூன்றில் ஜான் பென்னன்ட் ஜமைக்காவை விட்டுக் கிளம்பி லிவர்பூலில் வணிகரானார். சர்க்கரை அங்கே விளைந்தது, காசு இங்கே வந்தது. ஹேர்வுட் மாளிகையைக் கட்டிய லாசெல்ஸ் குடும்பத்திலும் இதே நடையைப் பார்த்தோம்: முதலில் போகிறவன் காய்ச்சலோடும் கடனோடும் மல்லுக்கட்டுகிறான், அவன் பேரன் லண்டனில் இருந்துகொண்டு கணக்குப் பார்க்கிறான்.

நம் கதாநாயகர் நான்காம் தலைமுறை. ரிச்சர்ட் பென்னன்ட், பிறப்பு 1737 வாக்கில். 1765இல் ஆன் சுசன்னா வார்பர்ட்டனை மணந்தார். பென்ரின் எஸ்டேட்டில் பாதி அந்தப் பெண்ணின் குடும்பத்துக்குச் சொந்தம். மீதிப் பாதியை 1785இல் ரிச்சர்ட் விலை கொடுத்து வாங்கினார். ஆக, வேல்ஸில் ஒரு பெரும் நிலப்பரப்பு, கல்யாணத்தால் பாதியும் சர்க்கரைக் காசால் பாதியுமாக, அவர் கைக்கு வந்தது. 1783இல் அயர்லாந்துப் பிரபுப் பட்டமும் வந்து சேர்ந்து, அவர் பென்ரின் பிரபு ஆனார். அது அயர்லாந்துப் பட்டம் என்பதால் லண்டனில் மக்களவையிலேயே தொடர்ந்து உட்காரலாம். அந்த வசதியை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதைப் பிறகு பார்ப்போம்.

பென்ரின் மலைச்சரிவில் அதுவரை உள்ளூர்க் குடியானவர்கள் சிறு குத்தகைக்கு எடுத்து ஆளாளுக்குச் சிலேட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1782 முதல் ரிச்சர்ட் அந்தக் குத்தகைகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி, மலையை ஒரே குவாரியாக்கினார். குதிரை முதுகில் பொதியாக இறங்கிய கல்லுக்குச் சாலை போட்டார். கெகின் ஆறு கடலில் சேரும் இடத்தில் 1790இல் துறைமுகம் கட்டினார். அதற்குப் பெயர் போர்ட் பென்ரின். 1801இல் குவாரியிலிருந்து துறைமுகம் வரை குதிரைகள் இழுக்கும் தண்டவாளப் பாதை ஓடியது. மலைக்குள் கேபல் கூரிக் வரை சாலை, அங்கே பயணிகளுக்கு விடுதி. இன்றைக்கு ஸ்னோடோனியாவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் அந்த வழியில்தான் கார் ஓட்டுகிறார்கள். வேல்ஸ் வரலாற்று நூல்களில் ரிச்சர்ட் பென்னன்ட் நெடுங்காலம் 'முன்னேற்றத்தின் தந்தை' என்ற தோரணையில்தான் வந்துகொண்டிருந்தார். பொய்யில்லை. ஆனால் அந்த முன்னேற்றத்துக்கு முதல் போட்டவர்கள் கிளாரெண்டனில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த முதலாளி, முதலாளியான பிறகு ஒருமுறைகூட ஜமைக்காவுக்குப் போகவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு காரியஸ்தரை வைத்து நிலம் பார்ப்பது நமக்குத் தெரிந்த கதை. அவராவது அறுப்புக்கு ஒரு நடை வந்து களத்துமேட்டில் நிற்பார். ரிச்சர்டுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. டென்பி, பென்னன்ட்ஸ், தாமஸ் ரிவர், கிங்ஸ் வேலி என்ற தோட்டங்களையெல்லாம் கடிதத்திலேயே ஓட்டினார். ஒரு கடிதம் போய்ப் பதில் வர மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அந்தக் கடிதங்கள் இன்று பாங்கர் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முகவருக்கு அவர் எழுதும் தொனி நிதானமானது, மரியாதையானது. எத்தனை பீப்பாய் சர்க்கரை, எத்தனை ரம், கோவேறு கழுதைகள் போதுமா என்று விசாரிப்பார். 1780களில் ஓரிடத்தில், நீக்ரோக்களையும் மாடுகளையும் அளவுக்கு மீறி வேலை வாங்க வேண்டாம் என்கிறார். ஆளும் மாடும் ஒரே வாக்கியத்தில். அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள் இந்த வரியைத்தான் அவருடைய கருணைக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். மாடு செத்தால் நட்டம் என்பது தெரிந்த எந்த விவசாயியும் சொல்லக்கூடிய வரி அது.

அந்தக் கருணை கடல் தாண்டிப் போனதா என்பது வேறு கேள்வி. ஜமைக்காவில் ஊரில் இல்லாத முதலாளிகளின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட முகவர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு ஆறு என்பது வழக்கம். சர்க்கரை கூடினால் முகவர் வருமானம் கூடும். அடிமை செத்தால் நட்டம் முகவருக்கு இல்லை, வேல்ஸில் இருப்பவருக்கு. முகவருக்குக் கீழே வெள்ளைக்கார மேற்பார்வையாளர், அவருக்குக் கீழே கணக்கர்கள், அவர்களுக்குக் கீழே கையில் சாட்டையோடு கங்காணி. அந்தக் கங்காணியும் ஓர் அடிமைதான். இத்தனை படி இறங்கி வருவதற்குள் துரையின் நல்லெண்ணத்தில் என்ன மிஞ்சியிருக்கும்?

படியின் அடியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஜமைக்காச் சர்க்கரைத் தோட்டம் எதிலும் வேலையாட்கள் மூன்று பிரிவு. முதல் பிரிவில் திடகாத்திரமான ஆண்களும் பெண்களும். பெண்கள் என்று சலுகை ஏதுமில்லை, பல தோட்டங்களில் முதல் பிரிவில் பெண்களே அதிகம். கரும்பு நடுவதற்குக் குழி வெட்டுவதுதான் மிகக் கொடிய வேலை. நாலைந்து அடிச் சதுரம், அரையடி ஆழம். ஒருவர் தலைக்கு நாளொன்றுக்கு அறுபதிலிருந்து நூறு குழி. வெப்பமண்டல வெயிலில் இறுகிய மண், கையில் மண்வெட்டி. ஏர் பூட்டினால் ஒரு வாரத்தில் முடியும் வேலையை ஆளை வைத்துச் செய்தார்கள், ஏனென்றால் ஆள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. இரண்டாம் பிரிவில் வயதானவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள், பதின்ம வயதினர். மூன்றாம் பிரிவு குழந்தைகள். ஐந்தாறு வயதில் புல் பிடுங்க அனுப்பப்படுவார்கள், ஒரு கிழவி குச்சியோடு அவர்களை மேய்ப்பாள்.

ஜனவரியில் அறுவடை தொடங்கினால் ஜூன் வாக்கில்தான் முடியும். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்கு மேல் போட்டு வைத்தால் சாறு புளித்துவிடும். எனவே ஆலை இரவும் பகலும் ஓடியது. செங்குத்தாக நிற்கும் மூன்று உருளைகள். ஒரு பெண் முன்னால் நின்று கரும்பை ஊட்டுவாள், பின்னால் நிற்பவள் சக்கையை வாங்கி மறுபடி திருப்பி அனுப்புவாள். பகல் முழுக்க வயலில் நின்றவள் இரவு முறைக்கு இங்கே வந்திருப்பாள். கண் அசந்தால் விரல் உருளைக்குள் போகும், விரலைத் தொடர்ந்து கை போகும். காற்றாலோ தண்ணீராலோ மாட்டாலோ சுற்றும் உருளையைச் சட்டென்று நிறுத்த முடியாது. அதற்காக ஆலையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வெட்டுக்கத்தி வைத்திருப்பது வழக்கம். எதை வெட்ட என்று சொல்ல வேண்டியதில்லை.

சாறு ஓடையில் ஓடிக் காய்ச்சும் கொட்டகைக்குப் போகும். பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாகச் செப்புக் கொப்பரைகள், அடியில் கரும்புச் சக்கை எரியும். சுண்ணாம்பு போட்டு அழுக்கைப் பிரித்து, நுரையை அகப்பையால் தள்ளி, கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு முகந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிக் கொப்பரையில் நிற்பவர் தலைமைக் காய்ச்சுநர். பாகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்ப்பார். கம்பிப் பதம் வந்ததா என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும். ஒரு நிமிடம் பிந்தினால் கருகும், முந்தினால் இறுகாது. அந்த ஆண்டின் மொத்த லாபமும் அவர் விரல் நுனியில். அவரும் ஓர் அடிமை. இருப்புப் பட்டியலில் அவருக்குப் போட்ட விலை வயல் ஆளைவிடக் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான் அவர் திறமைக்குக் கிடைத்த மரியாதை. பாகு ஆறி, பெரிய பீப்பாய்களில் வாரக்கணக்கில் வடிந்து, வெல்லப்பாகு பிரிந்து ரம் காய்ச்சப் போக, எஞ்சிய பழுப்புச் சர்க்கரை லிவர்பூலுக்கும் லண்டனுக்கும் கப்பல் ஏறும். ஒரு பீப்பாய் ஏறத்தாழ முக்கால் டன்.

இந்த வாழ்க்கையில் பிறப்பைவிட இறப்பே அதிகம். ஆளெண்ணிக்கையைப் பிடித்து நிறுத்தவே ஆண்டுதோறும் ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக வாங்க வேண்டியிருந்தது. வாங்கக் கொடுத்த சரக்குகளில் நம் சோழமண்டலக் கரையின் நீலத்துணியும் உண்டு என்பதை நான்காம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். வேல்ஸுக்கும் அதில் தனிப் பங்கு இருந்தது. மத்திய வேல்ஸ் மலைக் கிராமங்களில் நெய்த முரட்டுக் கம்பளித் துணி அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் அடிமைகளுக்கு உடையாகப் போனது. ஏழை நெசவாளிக்குத் தன் துணி யார் முதுகில் ஏறுகிறது என்பது தெரிந்திருக்குமோ என்னவோ, துரைக்குத் தெரியும்.

இப்போது நாடாளுமன்றத்துக்கு வருவோம். ரிச்சர்ட் பென்னன்ட் 1767இலிருந்து, இடையில் நான்கு ஆண்டுகள் நீங்கலாக, 1790 வரை லிவர்பூலின் உறுப்பினர். பிரிட்டனின் அடிமைக் கப்பல்களுக்குத் தலைநகரமே லிவர்பூல். மேற்கிந்தியத் தோட்டக்காரர்கள், வணிகர்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். தோட்டம், கப்பல், ஓட்டு மூன்றும் ஒரே ஆளிடம். 1788இல் வில்லியம் டால்பன் ஒரு மசோதா கொண்டுவந்தார். வியாபாரத்தைத் தடுக்கும் மசோதா அல்ல, கப்பலின் கொள்ளளவுக்கு இத்தனை பேர்தான் ஏற்றலாம் என்று வரம்பு வைக்கும் மசோதா மட்டுமே. பென்ரின் பிரபு எதிர்த்தார். ஆப்பிரிக்கர்கள் நலமாக வந்து சேர்ந்தால்தான் கப்பல்காரனுக்கு லாபம். அப்படியிருக்க அவனே அவர்களை வேண்டுமென்று வதைப்பான் என்பது அபத்தம் என்று வாதாடினார்.

கேட்பதற்குத் தர்க்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய தொகுதியின் கப்பல் ஒன்றே அதற்கு மறுப்பு. லிவர்பூலின் புரூக்ஸ் கப்பலில் புதிய சட்டப்படி 454 பேர் ஏற்றலாம். சட்டம் வருவதற்கு முன் ஒரு பயணத்தில் 609 பேர் ஏற்றியிருந்தார்கள். ஒழிப்பு இயக்கத்தார் 454 பேரைத் தரையில் வரிசையாகப் படுக்கவைத்துப் படம் வரைந்தார்கள். அதிலேயே மூச்சு முட்டுகிறது. மீதி 155 பேரை எங்கே வரைவது? சாகிறவர்களின் நட்டத்தைக் கழித்துவிட்டாலும் நெருக்கியடித்து ஏற்றினால் லாபம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள் கப்பல்காரர்கள். பென்ரின் பிரபு கணக்குத் தெரியாதவர் அல்ல.

அடுத்த ஆண்டு மே மாதம் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வியாபாரத்தையே ஒழிக்க வேண்டுமென்று பேசினார். பென்ரின் பிரபு எழுந்து ஒரு தொகையைச் சொன்னார். மேற்கிந்தியத் தீவுகளில் அடமானமாக மட்டும் ஏழு கோடி பவுண்டு நிற்கிறது, ஒழிப்புக்கு வாக்களித்தால் அந்தச் சொத்தின் மேல் கை வைக்கிறீர்கள், குடியேற்றங்கள் நாசமாகும், மாலுமிகளை வளர்க்கும் நாற்றங்கால் போய்க் கடல் ஆதிக்கமும் போகும். மனிதத்தன்மை பற்றிய கேள்விக்கு அடமானத் தொகையைப் பதிலாகச் சொல்லும் அந்த நேர்மையை நான் ஒருவகையில் மதிக்கிறேன். பிற்காலத்தில் இதே ஆதாயத்தை நாகரிகம், மதம், முன்னேற்றம் என்று பூசி மெழுகியவர்களைவிட இவர் தெளிவு.

நடுவில் ஒரு சின்ன விலகல். 1786இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட அடிமைக் கப்பல் ஒன்றுக்கு 'லேடி பென்ரின்' என்று பெயர். அடுத்த ஆண்டு அந்தக் கப்பலை அரசு வாடகைக்கு எடுத்து, ஆஸ்திரேலியாவுக்குப் போன முதல் கைதிக் கப்பல் கூட்டத்தில் பெண் கைதிகளை ஏற்றி அனுப்பியது. இறக்கிவிட்டு வரும் வழியில், 1788 ஆகஸ்டில், பசிபிக்கின் நடுவே ஒரு பவளத் தீவை மாலுமிகள் கண்டார்கள். டோங்கரேவா என்று அங்கே வாழ்ந்தவர்கள் அழைத்த தீவு வரைபடத்தில் பென்ரின் ஆயிற்று. 1860களின் தொடக்கத்தில் பெரு நாட்டுக்கு ஆள்பிடிக்க வந்த கப்பல்கள் அந்தத் தீவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போயின, ஊரே காலியானது. யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல, ஆனாலும் அந்தப் பெயருக்கு ஒரு ராசி.

1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. ஆளை வாங்குவதும் ஏற்றுவதும்தான் குற்றம், வைத்திருப்பது அல்ல. அடுத்த ஜனவரியில் ரிச்சர்ட் இறந்தார். பிள்ளை இல்லை. சொத்து முழுக்க உறவினர் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸுக்குப் போனது. பென்னன்ட் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. டாக்கின்ஸ் குடும்பமும் ஜமைக்காத் தோட்டக் குடும்பமே. சிரியாவின் பால்மைராப் பாழடைந்த கோயில்களை அளந்து 1753இல் ஐரோப்பாவுக்குப் புத்தகமாகக் காட்டிய பயணத்துக்குப் பணம் கொடுத்த ஜேம்ஸ் டாக்கின்ஸ் இந்தக் குடும்பத்தவர். தொல்லியல் ரசனைக்கும் கரும்புதான் எருவாகியிருக்கிறது.

நாம் தொடக்கத்தில் பார்த்த போலி நார்மன் கோட்டையைக் கட்டியவர் இந்த ஜார்ஜ்தான். செலவு ஒன்றரை லட்சம் பவுண்டு என்று மதிப்பிடுவார்கள். பெரிய மாடிப்படி ஒன்றைச் செதுக்கவே பத்து ஆண்டு ஆனது. விரலளவு முகங்களும் மிருகங்களும் பின்னிப் பிணைந்த கல்வேலை, ஒரு மூலை விடாமல். மேலே மண்டபத்தில் தாமஸ் வில்லிமென்ட் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் பன்னிரண்டு ராசிகள்.

அந்தச் சிற்பிகள் உளி பிடித்துக்கொண்டிருந்தபோது, 1831 டிசம்பர் 27 இரவு, ஜமைக்காவின் மேற்கில் கென்சிங்டன் தோட்டம் தீப்பற்றி எரிந்தது. பாப்டிஸ்ட் சபையில் போதித்துவந்த அடிமை சாமுவேல் ஷார்ப், கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலியில்லாமல் வேலைக்குத் திரும்புவதில்லை என்ற உறுதிமொழியை ஊர் ஊராகக் கொண்டுபோயிருந்தார். வேலைநிறுத்தமாகத் தொடங்கியது கலகமாக வெடித்தது, பல்லாயிரம் பேர் எழுந்தார்கள். இரண்டு வாரத்தில் அடக்கிய பிறகு தூக்கிலிடப்பட்டவர்களும் சுடப்பட்டவர்களும் முந்நூறுக்கு மேல். ஷார்ப் 1832 மே மாதம் தூக்கில் ஏறினார். அதே 1832இல் ஹென்றி ஹாக்கின்ஸ் என்ற ஓவியர் பென்ரின் குவாரியை வரைந்தார்: மலையில் எறும்புபோல மனிதர்கள், ஓரத்தில் பார்வையாளர்கள். கோட்டையில் அந்த ஓவியம் இன்றும் தொங்குகிறது. குவாரிக்கு ஓவியம் உண்டு, ஜமைக்காவில் நடந்ததைச் சொல்ல அந்த நாளில் சுவரில் ஒன்றும் இல்லை.

கலகம் அடங்கியது, ஆனால் லண்டனில் கணக்கு மாறிவிட்டது. 1833 சட்டம் அடிமை முறையை ஒழித்தது. முதலாளிகளுக்கு இரண்டு கோடி பவுண்டு நட்டஈடு. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு. அதில் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ்-பென்னன்ட்டுக்கு, 764 பேருக்காக, 14,683 பவுண்டு 17 ஷில்லிங் 2 பென்ஸ் கிடைத்தது. தலைக்குப் பத்தொன்பது பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அந்த 2 பென்ஸைப் பார்த்தீர்களா? 764 பேரும் பெற்றது ஒன்றுமில்லை. 1834 ஆகஸ்ட் 1இல் பெயரளவுக்கு விடுதலை. ஆனால் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் அதே முதலாளிக்குக் கூலியில்லாமல் தொடர்ந்து உழைக்க வேண்டும். 1838 வரை அது நீடித்தது. நட்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசித் தவணையைப் பிரிட்டிஷ் அரசு அடைத்து முடித்தது 2015இல். ஜமைக்காவிலிருந்து குடியேறி லண்டனில் பேருந்து ஓட்டியவர்களின் வரிப்பணமும் அதில் சேர்ந்துதான் போயிருக்கிறது.

இங்கே ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். 'அடிமைக் காசில் கட்டிய கோட்டை' என்று ஒரு தரப்பு எழுதுகிறது. 'இல்லை, கோட்டை எழுந்த காலத்தில் சர்க்கரை விலை சரிந்திருந்தது, சிலேட்டு லாபம்தான் கட்டியது' என்று மறுதரப்பு. இரண்டாம் தரப்பின் தகவல் சரி. 1820களில் குவாரிதான் பெரிய வருமானம். ஆனால் குத்தகைகளை வாங்கியது, சாலை போட்டது, துறைமுகம் கட்டியது, ரயில் பாதை இட்டது எல்லாம் அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில், கிளாரெண்டன் கரும்பு கொழித்த காலத்தில். விதை எது, விளைச்சல் எது என்று தெரிந்தால் சண்டை தேவையில்லை.

ஜார்ஜுக்குப் பிறகு மகள் ஜூலியானா வழியாகச் சொத்து டக்ளஸ்-பென்னன்ட் குடும்பத்துக்குப் போனது. இரண்டாம் பென்ரின் பிரபு ஜார்ஜ் ஷோல்ட்டோ காலத்தில், 1900 நவம்பரில், குவாரித் தொழிலாளர் சுமார் 2,800 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். மூன்று ஆண்டு நீடித்தது. பிரிட்டனின் மிக நீண்ட தொழில் தகராறுகளில் ஒன்று. தொழிற்சங்கத்தோடு பேசவே மாட்டேன் என்றார் பிரபு. பெதெஸ்தாவின் பாடகர் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடி அடுப்பெரிய நிதி திரட்டின. சிலர் வேலைக்குத் திரும்பியதும், மற்ற வீடுகளின் சன்னல்களில் 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று வேல்ஸ் மொழியில் அட்டை தொங்கியது. கடைசியில் தோற்றார்கள். அந்தக் காயம் எவ்வளவு ஆழம் என்றால், பெதெஸ்தாவில் நூறு ஆண்டு கழித்தும் கோட்டை வாசலை மிதிக்க மாட்டோம் என்று வைராக்கியமாக இருந்த குடும்பங்கள் உண்டு.

கூலிக்காரனையும் அடிமையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பெதெஸ்தாக்காரனால் வேலையை விட்டு நடக்க முடிந்தது, அதற்காகவே ஷார்ப் தூக்கில் ஏற வேண்டியிருந்தது. இருந்தும் இரண்டு இடத்திலும் முதலாளியின் பேச்சு ஒன்றே: சொத்து என்னுடையது, நடுவில் நீ யார்?

1951இல் கோட்டை, வரிக்கு ஈடாக, நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்தது. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பார்வையாளர்கள் கேட்டதெல்லாம் கட்டில், மாடிப்படி, ஓவியங்கள், வேலைநிறுத்தம் பற்றிக் கொஞ்சம். ஜமைக்கா ஓரிரு வரி. 2013இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் நட்டஈட்டுப் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி வெளியிட்டதும் மூடி மறைக்க வழியில்லாமல் போனது. 2020 செப்டம்பரில் டிரஸ்ட் தன் வசமுள்ள இடங்களில் 93க்கு அடிமை முறையோடும் காலனி ஆட்சியோடும் தொடர்பு உண்டென்று அறிக்கை வெளியிட்டது. உடனே ஒரே கூச்சல். சில எம்.பி.க்களும் பத்திரிகைகளும் 'தேநீர் குடித்து ரோஜாத் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு எதற்கு இந்தக் குற்ற உணர்வு?' என்கிற தொனியில் எரிந்து விழுந்தன. அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்து, டிரஸ்ட் விதி எதையும் மீறவில்லை என்று 2021இல் சொல்லிவிட்டது. அறிக்கையைப் படித்தால் வசை எதுவும் கிடையாது. வீட்டின் பெயர், குடும்பத்தின் பெயர், தோட்டத்தின் பெயர், தொகை. கோபம் வந்தது அந்தத் தொகைகளால்தான் என்று நினைக்கிறேன்.

ஜமைக்காவில் பென்னன்ட்ஸ் என்ற ஊர் இன்றும் கிளாரெண்டனில் இருக்கிறது. டென்பித் தோட்டம் இருந்த மே பென் நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு தொடக்கத்தில், விடுதலை நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி, நாட்டின் பெரிய வேளாண் கண்காட்சி நடக்கிறது. பேரே டென்பி கண்காட்சி. கிழங்கும் ஆடும் கரும்பும் போட்டிக்கு வரும், விளைவித்தவர் பெயரோடு.

அடுத்த மாளிகைக்கு வழி பென்ரினிலிருந்தே போகிறது. பென்ரினின் பழைய வீட்டை ரிச்சர்டுக்காகப் புதுப்பித்தவர் சாமுவேல் வயட். அவர் சகோதரர் பெஞ்சமின் வயட், ரிச்சர்டின் வேல்ஸ் எஸ்டேட்டுக்குக் காரியஸ்தர். இன்னொரு சகோதரர் ஜேம்ஸ் வயட், ஜமைக்காவின் மிகப் பெரிய தோட்டக் குடும்பத்து வாரிசான வில்லியம் பெக்ஃபர்டுக்காக வில்ட்ஷயரில் ஓர் ஆலயம் போன்ற வீட்டைக் கட்டத் தொடங்கினார். அதன் கோபுரம் 1825இல் தானாகச் சரிந்து விழுந்தது. விழும்போது அது பெக்ஃபர்டின் சொத்தாக இல்லை. மூன்று ஆண்டு முன்பே அவர் அதை விற்றிருந்தார், வாங்கியவர் வங்காளத்தில் வெடிமருந்து ஆலை நடத்திப் பணக்காரரான ஜான் ஃபர்குவார். அந்த ஃபான்ட்ஹில் மாளிகைக்கு அடுத்த இதழில் போவோம்.